உடற்கல்வி வகுப்பு யாருக்காக?

(களமருதூரில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பள்ளியில் உடற்கல்வி எதற்காக?' என்பது. உடல்நலத்துக்காக என்று ஒருவர் சொல்வார். ஒழுக்கத்துக்காக என்பார் இன்னொருவர். மாவட்டப் போட்டியில் பள்ளியின் பெயர் வரவேண்டும், அதற்காக என்பார் மூன்றாமவர். பிள்ளைகள் கொஞ்ச நேரம் வெளியே போய் ஓடிவிட்டு வந்தால்தான் அடுத்த பாடத்தில் உட்காருவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. இந்தப் பதில்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நான்காம் வகுப்புக் கணக்குப் பாடவேளை முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால் நாம் உடனே சொல்லிவிடுவோம். உடற்கல்விப் பாடவேளை முடியும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால் தயங்குவோம். என்ன கற்றுத் தருகிறோம் என்று சொல்ல முடியாத பாடத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். தேர்வு நெருங்கியதும் முதலில் கைமாறுவது உடற்கல்விப் பாடவேளைதான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே 'எதற்காக' என்ற கேள்வியோடு 'யாருக்காக' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

மூன்று பெயர்கள்

நம் ஊர்களில் வயதானவர்கள் உடற்கல்வி ஆசிரியரை 'டிரில் மாஸ்டர்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடுத்த தலைமுறையினர் 'பி.டி. வாத்தியார்' என்பார்கள். இன்று வருகைப் பதிவேட்டிலும் அரசாணையிலும் இருப்பது 'உடற்கல்வி ஆசிரியர்' என்ற பெயர். இந்த மூன்று பெயர்களும் மூன்று நோக்கங்களைச் சொல்கின்றன.

டிரில் என்பது படையிலிருந்து பள்ளிக்கு வந்தது. வரிசையில் நிற்பது, கட்டளை கேட்டதும் திரும்புவது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்வது. அதன் நோக்கம் கீழ்ப்படிதல். பயிற்சி என்பதன் நோக்கம் உடல் வலிமை. கல்வி என்று பெயர் வைத்துவிட்டால் கணக்கு வேறாகிவிடுகிறது. கல்வி என்றால் கற்பவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் நேற்றுத் தெரியாத ஒன்றை இன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயரை மாற்றிக்கொண்டோம், நோக்கத்தையும் மாற்றிக்கொண்டோமா என்பதுதான் கேள்வி.

இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர்கள் முக்கியமானவர்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியரிடம் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. குளிர்காலம், வெளியே விளையாட முடியாது. உள்ளேயே செய்யும் உடற்பயிற்சிகள் அவர்களுக்கு அலுத்துவிட்டன. வகுப்பு அடங்கவில்லை. நைஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மேலே அடித்து மாட்டினார், 13 விதிகளை எழுதினார், பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆட விட்டார். அதுதான் இன்றைய கூடைப்பந்து. இன்று உலகமெங்கும் ஆடப்படும் அந்த விளையாட்டு, அடங்காத ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கண்டுபிடித்த பாடத்திட்டம். பிள்ளைகளைக் குறை சொல்லாமல் விளையாட்டை மாற்றினார் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர் ஹாரி குரோ பக். அவர் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி, ஆசியாவிலேயே இத்துறையில் முதலில் தோன்றியவற்றில் ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றவரும் இந்தப் பக்தான். ஒலிம்பிக் வரை போன அந்த மனிதர், 1943இல் மறையும் வரை உழைத்தது பெரும்பாலும் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்காக. எங்கே வேலை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குழுக்கள் என்ன சொல்லின?

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-53இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் மருத்துவருமான டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். உடற்கல்வி பற்றி அந்தக் குழு சொன்னவற்றில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். உடற்செயல்பாடுகள் ஒவ்வொரு மாணவரின் தாங்கும் திறனுக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும். மாணவர்களின் உடற்செயல்பாடுகளுக்கு முழுமையான பதிவேடு வைக்க வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: 40 வயதுக்குக் குறைந்த எல்லா ஆசிரியர்களும் மாணவர்களின் விளையாட்டில் பங்கெடுக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களும் என்றுதான் சொன்னார்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டும் என்று சொல்லவில்லை. 40ஐத் தாண்டியவர்கள் தப்பித்தோம் என்று சிரிக்க வேண்டாம், நடுவராக நின்று விசில் ஊத வயது வரம்பு கிடையாது.

1964-66இன் கோத்தாரிக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. உடற்கல்வியை வெறும் உடல் தகுதி என்று சுருக்கிப் பார்த்து அதன் கல்விப் பயனை மறந்துவிடுகிறோம் என்று குறை சொன்னது. விடாமுயற்சி, கூடிச் செயல்படுதல், விதியை மதித்தல், வென்றால் அடக்கம், தோற்றால் நிதானம் ஆகியவற்றையும் அதன் பயன்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், பத்தாம் வகுப்பு வரை உடல்நலமும் உடற்கல்வியும் கட்டாயப் பாடமாக, மற்ற பாடங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், விளையாட்டு மைதானத்தையும் விளையாட்டுப் பொருள்களையும் ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ஆக, ஆவணங்களில் குறைவில்லை. எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இடைவெளி இருப்பது ஆவணத்துக்கும் நம் கால அட்டவணைக்கும் நடுவில்.

ஒரு சின்னக் கணக்கு

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். நம் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு உடற்கல்விப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 நிமிடம். ஒரு நிமிடம்கூட வீணாகாமல் நடத்தினாலும் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். பிள்ளைக்குத் தேவையான உடற்பயிற்சியை உடற்கல்வி வகுப்பால் கொடுத்துவிட முடியாது. அப்படியானால் அந்த 80 நிமிடம் எதற்கு? மீதி 340 நிமிடத்தையும் பிள்ளை தானாக, விருப்பத்தோடு தேடிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதற்கு. பள்ளியை விட்டுப் போன பிறகு வரும் ஐம்பது ஆண்டுகளுக்கும் அதுதான் முதலீடு.

தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இத்தனை பக்கம் படித்து முடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அது நடப்பதில்லை. வகுப்புக்கு வெளியே பிள்ளை தானாகப் படிக்க வேண்டும் என்பதற்காக நடக்கிறது. கவிஞர்களைத் தேர்ந்தெடுப்பதற்காகவும் அது நடப்பதில்லை. நன்றாகப் படிக்கும் ஐந்து பேருக்கு மட்டும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைச் சுற்றி உட்காரச் சொல்லும் தமிழாசிரியர் யாரும் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம்தான் அவர் அதிக நேரம் செலவிடுகிறார். 'எண்ணும் எழுத்தும்' நடத்தும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர் பயிற்றுநர் மார்கரெட் வைட்ஹெட் 1993இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உடலுக்கும் ஓர் எழுத்தறிவு உண்டு என்றார். அதில் நான்கு கூறுகள் சேர்ந்திருக்கின்றன: உடலை இயக்குவதில் விருப்பம், என்னால் முடியும் என்ற நம்பிக்கை, ஓட, தாண்ட, எறிய, பிடிக்கத் தேவையான திறன், இவை ஏன் வேண்டும் என்ற அறிவு. பதக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எட்டக்கூடியவை இந்த நான்கும்.

நிலைமை எப்படி இருக்கிறது என்றால், 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை. பையன்களில் 78, பெண்பிள்ளைகளில் 85. பத்தில் எட்டுப் பேர் இந்த எழுத்தறிவில் பின்தங்கியிருக்கும்போது நாம் மீதி இரண்டு பேருக்கு மட்டும் வகுப்பு நடத்திக்கொண்டிருக்க முடியாது.

அணியும் வகுப்பும்

இதைக் கேட்டு உடற்கல்வி ஆசிரியர்கள் வருத்தப்படக் கூடாது. முதலமைச்சர் கோப்பைக்கும் குறுவட்டப் போட்டிக்கும் அணி தயாராக வேண்டும், அதற்கு உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். திறமையுள்ள பிள்ளைக்கு வழிகாட்டுவது நம் கடமை. அதற்குரிய நேரம் காலையிலும் மாலையிலும் இருக்கிறது. பாடவேளை வகுப்பிலுள்ள எல்லோருக்கும் சொந்தம்.

எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் திறமை வீணாகும் என்பதும் உண்மையல்ல. பக்கத்து மாவட்டமான சேலத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்துபோனது. பள்ளியில் அவருடைய உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. கால் ஊனமான பையனை 'நீ ஓரமாக உட்கார்' என்று சொல்வது எவ்வளவு எளிது என்பதற்காகச் சொல்கிறேன். ரியோ போகாமலே இருந்திருந்தாலும் அந்த ஆசிரியர் செய்தது சரியான பாடம்தான்.

ஒரு பந்து, நாற்பது பிள்ளைகள்

இனி வகுப்புக்குள் போவோம். நாற்பது பிள்ளைகள், ஒரு வாலிபால், நாற்பது நிமிடம். பந்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான். உண்மையில் சமமாகப் போகாது. நன்றாக ஆடும் ஆறேழு பேரிடமே பந்து சுற்றும். மற்றவர்கள் ஆட்டத்துக்குள் நிற்பார்கள், ஆனால் ஆடமாட்டார்கள்.

அடுத்த வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். எப்போதும் கடைசியாக அணியில் சேர்க்கப்படும் ஒரு பிள்ளையை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். பந்து எத்தனை முறை அவள் கைக்கு வந்தது, எத்தனை அடி ஓடினாள் என்று எண்ணுங்கள். உங்கள் உடற்கல்வி வகுப்பின் தரம் அந்த எண்தான்.

நைஸ்மித் செய்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்றபடி விளையாட்டை மாற்றலாம். 1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் டேவிட் பங்கர், ராட் தோர்ப் என்ற இரண்டு ஆசிரியர் பயிற்றுநர்கள் சொன்னதும் இதுதான். நுட்பங்களைத் தனித்தனியாகப் பழக்கிவிட்டுக் கடைசியில் விளையாட விடுவதற்குப் பதில், சின்ன விளையாட்டில் தொடங்குங்கள், ஆட்களைக் குறையுங்கள், விதியை எளிதாக்குங்கள், ஆடும்போதே யோசிக்க வையுங்கள் என்றார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு ஓர் உதாரணம். பழைய துணியைச் சுருட்டிச் சணல் கயிறு கட்டினால் பந்து. இரண்டு பேருக்கு ஒரு பந்து. எதிரெதிரே நின்று எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஆளுக்கு ஓர் அடி பின்னே போகலாம், தவறவிட்டால் ஓர் அடி முன்னே வர வேண்டும். அவ்வளவுதான் விதி. கெட்டிக்கார ஜோடி தூரப் போய்விடும், தடுமாறும் ஜோடி பக்கத்திலேயே நிற்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் அதனதன் கடினம் தானாக அமைந்துவிடுகிறது. யாரும் தோற்கவில்லை, யாரும் சும்மா நிற்கவில்லை.

எட்டாம் வகுப்புக்கு வாலிபால் என்றால் வலைக்குப் பதில் கயிறு கட்டுங்கள். நான்கு நான்கு பேராக மூன்று ஆட்டம் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். பந்து ஒரு முறை தரையில் படலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். ஆடாதவர்களுக்கு வேலை கொடுங்கள். அமெரிக்க ஆசிரியர் பயிற்றுநர் டாரில் சீடன்டாப் வலியுறுத்தியது அதுதான்: நடுவர், மதிப்பெண் குறிப்பவர், பொருள்களைப் பார்த்துக்கொள்பவர், பயிற்சி கொடுப்பவர் என ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு, அந்தப் பொறுப்பும் மாறி மாறி வர வேண்டும்.

இன்னொன்று, 'அவுட்'. இசை நாற்காலி போன்ற விளையாட்டில் முதலில் வெளியே போவது யார்? மெதுவாக ஓடும் பிள்ளை. அதாவது ஓடிப் பழக வேண்டிய பிள்ளைதான் மீதி நேரம் உட்கார்ந்து பார்க்கிறது. நம் கபடியைப் பாருங்கள். வெளியே போனவர் அப்படியே போய்விடுவதில்லை. தன் அணி ஓர் ஆளை வெளியேற்றினால் இவர் மீண்டும் உள்ளே வருகிறார். எந்த விளையாட்டையும் வகுப்பில் வைப்பதற்கு முன், வெளியே போன பிள்ளை உள்ளே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வழியை உண்டாக்குங்கள். ஓரத்தில் பத்து முறை கயிறு தாண்டிவிட்டுத் திரும்ப வரலாம் என்று சொன்னால் போதும்.

'உழைக்கிற பிள்ளைக்கு எதற்கு?'

நம் மாவட்டத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். சமவெளியில் பெற்றோர் கேட்பார்கள்: 'கரும்புக் கொல்லையிலும் வயலிலும் கைவேலை செய்கிற பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு சார்?' கல்வராயன் மலைப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் இதே எண்ணம் வரலாம். மேடும் பள்ளமுமாக நடந்தே பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நாம் ஓடக் கற்றுத்தர வேண்டுமா?

மலைப் பிள்ளைகளின் மூச்சும் காலும் நம்மைவிட வலுவானவை என்பதில் சந்தேகமில்லை. உடற்கல்வி என்பது வலிமை மட்டும்தான் என்றால் அவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் சுமை தூக்குவதில் பிள்ளைக்குத் தெரிவு இல்லை. வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டில் அவள் முடிவெடுக்கிறாள், விதியை ஒப்புக்கொள்கிறாள், சில சமயம் விதியை மாற்றலாமா என்று கேட்கிறாள், தோற்று மறுபடி தொடங்குகிறாள். குனிந்து செய்யும் வேலையால் வலிக்கும் முதுகை எப்படி நீட்டி மடக்குவது, எடையை எப்படித் தூக்கினால் இடுப்பு பிடிக்காது என்பதும் உடற்கல்விதான். உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது கூடுதலாகவே தேவை.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியிலேயே தங்குகிறார்கள். மாலை நேரம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. வகுப்பில் கற்ற விளையாட்டை மாலையில் அவர்களே நடத்திக்கொண்டால் நாளுக்கு 60 நிமிடம் என்ற கணக்கு அங்கே எளிதில் நிறைவேறும். அவர்கள் ஊரில் ஆடும் ஆட்டங்களைக் கேட்டு வாங்கி வகுப்பில் ஆடுங்கள். ஒரு நாளாவது பிள்ளை ஆசிரியராகவும் நாம் மாணவராகவும் இருப்போம்.

பெண்பிள்ளைகள்

எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் மைதானத்தில் பெண்பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் பையன்கள், மர நிழலில் பெண்பிள்ளைகள். 'அவர்களுக்கே விருப்பமில்லை' என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பு வரை நொண்டியும் கிளித்தட்டும் ஆடிய பிள்ளைக்கு மூன்றே ஆண்டுகளில் விருப்பம் எங்கே போயிற்று?

காரணங்கள் சாதாரணமானவை. துப்பட்டாவோடு ஓட முடியாது. கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்ற கவலை. யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்ற கூச்சம். மைதானத்தில் இடமே இல்லை. இவற்றில் பெரும்பாலானவை தலைமையாசிரியரும் ஆசிரியைகளும் சேர்ந்தால் தீர்க்கக்கூடியவை. மைதானத்தைக் கோலமாவால் இரண்டாகப் பிரித்து, நடுப்பகுதியை முறைவைத்து விடுங்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம், கழற்றி வைக்கலாம் என்று ஆசிரியை ஒருவர் முன்கூட்டியே சொன்னால் போதும். மாதவிடாய் நாளில் ஆடுவதா, மதிப்பெண் குறிப்பதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும், காரணம் கேட்க வேண்டாம். எறிபந்தும் வளையப்பந்தும் மட்டும்தான் பெண்பிள்ளைகளுக்கு என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

தண்டனையாகும் ஓட்டம்

சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடு. வீட்டுப்பாடம் செய்யவில்லையா, தோப்புக்கரணம் போடு. இதைத் தண்டனை என்றுகூட நாம் நினைப்பதில்லை, உடம்புக்கு நல்லதுதானே என்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாடமாக மட்டும் பாருங்கள். இம்போசிஷன் எழுதி எழுதிப் பிள்ளைக்கு எழுதுவதே வெறுத்துப்போகிறது என்பது நமக்குத் தெரியும். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டமும் வெறுத்துப்போகும். காலையில் தண்டனையாக ஓட விட்ட பிள்ளையை மதியம் 'ஓடுவது உடலுக்கு நல்லது' என்று சொல்லி ஓட வைக்க முடியாது.

இதன் மறுபக்கமும் தண்டனைதான்: 'கணக்கு முடிக்காதவன் விளையாடப் போகக் கூடாது.' கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு, தான் ஏதாவது ஒன்றில் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளும் இடம் பல சமயம் மைதானம்தான். அதையும் பிடுங்கிவிட்டால் அவனுக்குப் பள்ளியில் என்ன மிச்சம் இருக்கும்?

யார் நடத்துவது?

'எங்கள் தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைகூட உடற்கல்விக்கான பகுதிநேர ஆசிரியரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, நூறு பேருக்கு மேல் படிக்கும் இடத்தில்தான் சொல்கிறது. பணியிடம் கேட்க வேண்டியது நம் உரிமை, அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை வகுப்பாசிரியர்தான் உடற்கல்வி ஆசிரியர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கற்க வேண்டியவை ஓடுதல், நிற்றல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், உருட்டுதல், ஒற்றைக் காலில் சமநிலை. இவற்றைக் கற்றுத்தர நாம் விளையாட்டு வீரராக இருக்க வேண்டியதில்லை. பாட்டுப் பாடத் தெரியாதவர்களும் பாட்டுச் சொல்லித்தருகிறோம் அல்லவா?

பதிவேடு பற்றி முதலியார் குழு சொன்னதை நினைவுபடுத்துகிறேன். ஒரு நோட்டுப் போதும். ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு குறிப்புகள் எழுதுங்கள்: ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்கிறாள், விடாமல் எத்தனை முறை கயிறு தாண்டுகிறாள், பந்தை எத்தனை அடி எறிகிறாள், பத்து முறை எறிந்தால் எத்தனை முறை பிடிக்கிறாள். ஜனவரியில் மறுபடி எழுதுங்கள். பிள்ளையை அவளுடைய ஜூன் மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு வேண்டாம். ஆறு முறை தாண்டியவள் இருபது முறை தாண்டினால் அதை வகுப்பில் சொல்லுங்கள். அந்த நோட்டு இருந்தால், 'இந்தப் பாடவேளையில் என்ன கற்றுத் தந்தீர்கள்?' என்று யார் கேட்டாலும் காட்டலாம். 'இந்தப் பீரியடை எனக்குக் கொடுங்கள்' என்று கேட்டு வருபவரிடமும் காட்டலாம்.

பாடவேளையைக் கேட்டு வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பில் பாடம் முடியவில்லை என்ற உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் வாங்குவது உடற்கல்வி ஆசிரியரின் நேரத்தை அல்ல, பிள்ளையின் நேரத்தை. கேட்டால் தர மாட்டேன் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழியில்லை. அதனால் அதைக் காக்க வேண்டிய பொறுப்பு முதலில் தலைமையாசிரியருக்கும், பிறகு நம் எல்லோருக்கும் இருக்கிறது.

இங்கிருந்து போனதும் மூன்று காரியங்கள் செய்யுங்கள். கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கும் பாடவேளை இந்த வாரம் உடற்கல்வியாகவே நடக்கட்டும். அதில் கடைசியாகச் சேர்க்கப்படும் ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் கவனியுங்கள். ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இவற்றில் எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஆணைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.